இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயிலைப் பார்ப்பது எப்படி: வெளிச்சுவர் முதல் கூரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய சர்ச்சின் வாசலில் பெரும்பாலும் ஒரு பலகை இருக்கும்: "12-ஆம் நூற்றாண்டுக் கோயில்" என்று. அதை அப்படியே நம்பி உள்ளே போனால் குழப்பம்தான் மிஞ்சும். அந்த 12-ஆம் நூற்றாண்டு ஒரு கதவைச் சுற்றி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கோபுரம் 15-ஆம் நூற்றாண்டாக இருக்கும், பீடப் பகுதி 13-ஆக இருக்கும், தரையும் பெஞ்சுகளும் விக்டோரியா காலத்துச் சரக்காக இருக்கும். ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டி முடித்து, பிறகு யாரும் கை வைக்காத பங்குக் கோயில் அபூர்வம். கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் ஒவ்வொரு தலைமுறையும் எதையோ இடித்தது, எதையோ சேர்த்தது.

அதனால், கட்டடப் பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுங்கள். எந்தச் சுவர் எந்தச் சுவரோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்பது பிடிபடும். ஆண்டுக் கணக்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

கையில் இரண்டு பொருள் போதும்: ஒரு சின்ன பைனாகுலர், ஒரு நல்ல டார்ச். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாட்களில் பல கோயில்கள் பகலில் திறந்தே இருக்கும். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று முகப்பில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

முதல் படி: திசையைப் பிடியுங்கள்

பீடம் கிழக்கே இருக்கும். கோபுரம் இருந்தால் அநேகமாக மேற்கே. மக்கள் வந்துபோகும் வாசல் பெரும்பாலும் தெற்கே, அதற்கு முன்னால் ஒரு சிறிய முகப்பு மண்டபம். இந்தத் திசைக்கணக்கு மனதில் இருந்தால் மேகமூட்டமான நாளிலும் வழி தவறாது.

கட்டடம் அடிப்படையில் இரண்டு அறைகள்தான். மேற்கே மக்கள் நிற்கும் பெரிய கூடம்; இதை நேவ் என்பார்கள். கிழக்கே குருவானவர் பூசை வைக்கும் சிறிய அறை, சான்சல். நேவுக்கு இருபுறமும் பக்கக்கூடங்கள், கோபுரம், முகப்பு, சிற்றாலயங்கள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

இந்த இரண்டு அறைகளுக்கும் செலவு செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள். நேவைப் பராமரிப்பது பங்கு மக்களின் பொறுப்பு. சான்சலைப் பராமரிப்பது, ஊரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்ட ரெக்டரின் பொறுப்பு. அந்த ரெக்டர் பல ஊர்களில் எங்கோ இருந்த ஒரு மடாலயம். மக்கள் காசு போட்டு நேவை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். மடாலயமோ தன் பங்குக்கு ஓட்டை ஒழுகலை மட்டும் அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கும். ஓங்கி நிற்கும் நேவின் பின்னால் குட்டையாக ஒரு சான்சல் ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்தப் பொறுப்பு நிலத்தோடு சேர்ந்து கைமாறி இன்றுவரை வந்திருக்கிறது. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கேன்ட்லோ கோயிலின் சான்சலைச் செப்பனிடும் செலவு அங்கே ஒரு பண்ணை நிலத்தை வைத்திருந்தவர்கள் தலையில்தான் என்று 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இரண்டாம் படி: வெளியே ஒரு முழுச் சுற்று

உள்ளே போகும் ஆசையை அடக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் வழியே கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். வடக்குப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். நிழல் விழும் பக்கம், மக்கள் அதிகம் போகாத பக்கம். அழகுபடுத்தும் வேலை அங்கே குறைவு என்பதால் பழைய தடயங்கள் மிச்சமிருக்கும்.

நான்கு விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, நேர்க்கோட்டு இணைப்பு. ஒரே நேரத்தில் கட்டிய சுவரில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வரும். மேலிருந்து கீழாக ஒரே கோடு ஓடி, இரண்டு பக்கத்துக் கற்களும் ஒன்றையொன்று தொடாமல் நின்றால், அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் பழசு, மறுபக்கம் புதுசு. மூலைக்கு வைக்கும் பெரிய செதுக்கு கற்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அதுதான் பழசு. ஒரு காலத்தில் கட்டடம் அங்கேதான் முடிந்தது.

இரண்டாவது, கோபுரத்தின் கிழக்கு முகத்தில் கூரை விட்டுச்சென்ற தழும்பு. இப்போதைய கூரைக்கு மேலே கூம்பு வடிவில் ஒரு கோடு தெரியும். பழைய கூரை வைக்கோலோ மரச்சில்லோ வேய்ந்த செங்குத்துச் சரிவு. 15-ஆம் நூற்றாண்டில் பக்கச் சுவர்களை உயர்த்தி, ஈயத் தகடு போட்டுக் கிட்டத்தட்ட தட்டையான கூரை அமைத்தார்கள். தழும்பு மட்டும் கோபுரத்தில் தங்கிவிட்டது.

மூன்றாவது, கல் வைத்து அடைத்த வாசல்களும் ஜன்னல்களும். நான்காவது, சாரம் கட்ட விட்ட சிறிய சதுரத் துளைகள். இவை ஒரே உயரத்தில் வரிசையாக ஓடும். வரிசை திடீரென்று மாறினால் வேலை அங்கே நின்று, வேறு கொத்தனார் கூட்டம் வந்து தொடர்ந்திருக்க வாய்ப்புண்டு.

இப்படிப் படித்தால் ஒரு ஊரின் ஏற்ற இறக்கமே கிடைக்கும் என்பதற்கு யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி நல்ல சாட்சி. ஊரே காலியாகிப் போன இடம். கூரையில்லாத கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே 1950 தொடங்கி நாற்பது ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. மரக்கோயில் கற்கோயிலானது, மக்கள் பெருகப் பெருகப் பக்கக்கூடங்கள் சேர்ந்தன, மக்கள் குறைந்ததும் அவற்றை இடித்துவிட்டுத் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். அடைத்த வளைவுகளை இன்றும் சுவரில் பார்க்கலாம்.

சுற்றும்போதே கல்லையும் கவனியுங்கள். மாட்டு வண்டியில் கல் இழுப்பது செலவு பிடித்த வேலை, எனவே அக்கம்பக்கத்தில் கிடைத்ததுதான் சுவர். காட்ஸ்வோல்ட்ஸில் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் நல்ல கட்டடக் கல் இல்லை, சக்கிமுக்கிக் கல் மட்டும் கிடைக்கும். அங்கே வட்டக் கோபுரங்கள் ஏராளம். மூலைக்குத்தான் செதுக்கிய கல் வேண்டும், வட்டத்துக்கு மூலையே இல்லை என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம். பிற்காலத்தில் அதே சக்கிமுக்கியைப் பிளந்து, வெளுத்த கல்லுக்கு இடையே கறுப்புக் கட்டங்களாகப் பதித்து அலங்காரமும் செய்தார்கள்.

ரோமானியர் விட்டுப்போன கல்லும் செங்கல்லும் கிடைத்த இடத்தில் அவையும் சுவரேறின. டர்ஹம் வட்டாரத்தின் எஸ்கோம் கோயில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கத்து பின்செஸ்டர் கோட்டையின் கற்களால் கட்டியது. அதன் வடக்குச் சுவரில் ஆறாம் ரோமானியப் படையணியின் பெயர் பொறித்த கல் ஒன்று தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: வளைவுகளையும் ஜன்னல்களையும் வைத்துக் காலம் கணியுங்கள்

இப்போது பாணிகளுக்கு வரலாம். இன்று எல்லோரும் சொல்லும் பெயர்களை 1817-இல் தாமஸ் ரிக்மன் என்பவர் வகுத்துத் தந்தார். ஆண்டு எல்லைகள் உத்தேசமானவை. தொலைதூரக் கிராமத்துக்குப் புதுமை தாமதமாகவே போய்ச் சேரும்.

1066-க்கு முந்தைய சாக்ஸன் வேலை எஞ்சியிருப்பது குறைவு. உயரமான, ஒடுங்கிய நேவ், மெல்லிய சுவர், மூலையில் ஒரு கல் செங்குத்தாக, அடுத்தது படுக்கையாக என்று மாறி மாறி வரும் அடுக்கு, சில இடங்களில் முக்கோணத் தலை கொண்ட ஜன்னல். நார்த்தாம்ப்டன்‌ஷயரின் எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது; மரச்சட்டம் அடித்ததுபோல் கல் பட்டைகள் கோபுரம் முழுக்க ஓடும்.

அடுத்தது நார்மன், சுமார் 1190 வரை. அரைவட்ட வளைவு, உருண்டு திரண்ட தூண், கனத்த சுவர், சின்ன ஜன்னல். வளைவைச் சுற்றி முன்னும் பின்னுமாக மடங்கும் கோண வரிகள். ஹெரிஃபோர்ட்‌ஷயரின் கில்பெக், சுமார் 1140-இல் எழுந்தது. நான் முதலில் சொன்ன அபூர்வங்களில் ஒன்று இது: நேவ், சான்சல், கிழக்கே அரைவட்ட முனை எல்லாம் பெரும்பாலும் ஒரே காலத்தவை. சிவந்த மணற்கல்லில் தெற்கு வாசல் தூண்களில் பாம்புகளும் போர்வீரர்களும் கொடிகளுக்குள் சிக்கிக் கிடக்கிறார்கள். பைனாகுலரை எடுத்துக் கூரைக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்களைப் பாருங்கள். ஒரு வேட்டை நாயும் முயலும் அக்கம்பக்கத்தில், கன்னம் ஒட்டி, கார்ட்டூன் படம்போல் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி, தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண் உருவம். எதற்காக இதைக் கோயிலில் வைத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது.

சுமார் 1190 முதல் 1250 வரை ஆரம்ப ஆங்கிலப் பாணி. வளைவு கூராகிறது. ஜன்னல் ஒற்றையாக, ஈட்டி முனைபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும். கிழக்குச் சுவரில் மூன்று சேர்ந்து நிற்கும். தூண் தலையில் விறைப்பான இலைகள் சுருண்டு நிற்கும்.

1250-க்கு மேல் அலங்காரப் பாணி. ஒடுங்கிய ஜன்னல்களைச் சேர்த்து ஒரே பெரிய ஜன்னலாக்கி, அதன் தலையில் கல்லால் பின்னல் போட்டார்கள். முதலில் காம்பஸ் வைத்து வரைந்த வட்டங்கள். 1300-க்குப் பிறகு உள்ளும் வெளியுமாக நெளியும் கோடுகள். லிங்கன்‌ஷயரின் ஹெக்கிங்டன் இதில் உச்சம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அங்கே போங்கள்.

கடைசியாக, சுமார் 1350 முதல் 1540 வரை செங்குத்துப் பாணி. நெளிவெல்லாம் போய், ஜன்னலின் கற்சட்டங்கள் அடியிலிருந்து வளைவின் உச்சிவரை நேராக ஏறும். ஜன்னல் அகன்று, வளைவு தட்டையாகி, சுவரே கண்ணாடியானதுபோல் ஆகும். 1348-49-இன் கொள்ளைநோயில் கைவினைஞர்கள் செத்துப்போனதால்தான் இந்த எளிய பாணி வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு நேரான கதை இல்லை. நோய்க்கு முன்பே, 1330-களில், க்ளாஸ்டர் மடாலயக் கோயிலில் இந்தப் பாணி வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. ஜன்னல் தன் காலத்தைச் சொல்லும், சுவரின் காலத்தைச் சொல்லாது. பழைய சுவரில் ஓட்டை போட்டுப் புது ஜன்னல் பொருத்துவதுதான் இருப்பதிலேயே மலிவான புதுப்பிப்பு. ஜன்னலைச் சுற்றியுள்ள கற்கள் கலைந்து, ஒட்டுப்போட்டதுபோல் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. சுவருக்கு வெளியே முட்டுக் கொடுக்கும் உதைசுவர்களையும் சேர்த்துப் பாருங்கள்: நார்மன் காலத்தவை சுவரோடு ஒட்டித் தட்டையாக இருக்கும், 13-ஆம் நூற்றாண்டில் ஆழமாக வெளியே நீளும், மூலையில் குறுக்காகச் சாய்ந்து நிற்பவை பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தையவையும்.

நான்காம் படி: முகப்பில் கொஞ்சம் நில்லுங்கள்

திருமணத்தின் முதல் பகுதி அந்தக் காலத்தில் கோயில் வாசலில்தான் நடந்தது. உள்ளே போனது பூசைக்கு. கதவருகே தீர்த்தத் தொட்டி இருந்த குழி, பெரும்பாலும் உடைந்த நிலையில், தெரியும். தெற்குச் சுவரிலோ வாசல் கல்லிலோ நடுவில் ஒரு துளையும் அதிலிருந்து விரியும் கோடுகளும் கீறியிருந்தால் அது பூசை நேரம் காட்டிய நிழல் கடிகாரம். துளையில் ஒரு குச்சி இருந்திருக்கும். அது நிழல் விழும் முகப்புக்குள்ளே இருந்தால், முகப்பு பிறகு கட்டப்பட்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: உள்ளே, மேற்குக் கோடியில் தொடங்குங்கள்

திருமுழுக்குத் தொட்டி வாசல் பக்கம் இருக்கும். கோயிலிலேயே மிகப் பழைய பொருள் பல இடங்களில் இதுதான். கட்டடத்தை மாற்றியவர்கள்கூட இதை மாற்றத் தயங்கினார்கள். விளிம்பில் இரும்பு பதித்த தழும்போ உடைசலோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மந்திரித்த தண்ணீரைச் சூனியத்துக்குத் திருடிப்போகிறார்கள் என்று, 1236-இல் கேன்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளுக்கு மூடி போட்டுப் பூட்டச் சொன்னார். அந்தப் பூட்டின் தழும்பு அது.

அடுத்து தூண் வரிசை. பக்கக்கூடம் கட்ட, பழைய வெளிச்சுவரை முழுதாக இடிக்க வேண்டியதில்லை. சுவரைக் குடைந்து தூணும் வளைவும் செருகிவிட்டு, கீழே மிஞ்சியதை எடுத்துவிடலாம். அதனால் வளைவுகளுக்கு மேலே உள்ள சுவர் வளைவுகளைவிடப் பழையதாக இருக்கலாம். அங்கே எதற்கும் பொருந்தாமல் ஒரு சின்ன அரைவட்ட ஜன்னல் பாதி வெட்டுப்பட்டு நின்றால், நீங்கள் நார்மன் காலத்து வெளிச்சுவரை உள்ளிருந்து பார்க்கிறீர்கள்.

நேவும் சான்சலும் சேரும் வளைவுக்கு வாருங்கள். அங்கே மரக் கிராதி ஒன்று நின்றது. அதன் மேல் ஒரு பரண். அதற்கும் மேலே பாடுபட்ட சொரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசு), இருபுறமும் மாதாவும் யோவானும். கோயிலில் சொரூபம் கூடாது என்ற சமயச் சீர்திருத்தம் வந்து, எட்வர்ட் ஆறாம் மன்னர் காலத்தில் சொரூபங்களை இறக்கினார்கள், 1561-இல் எலிசபெத் அரசி பரண்களையும் அகற்றச் சொன்னார். படிக்கட்டை மட்டும் பல ஊர்களில் அப்படியே விட்டுவிட்டார்கள். சுவரில் உயரத்தில் எங்கும் போகாத ஒரு குட்டிக் கதவு தெரிந்தால் அது பரணுக்குப் போன வழி. நார்ஃபோக்கின் ரான்வர்த்தில் புனிதர் ஓவியங்களோடு கிராதியே நிற்கிறது.

வளைவுக்கு மேலே பொதுத்தீர்வை ஓவியம், அதாவது உலக முடிவில் எல்லோருக்கும் தீர்ப்பு நடக்கும் காட்சி, இருந்திருக்கும். இன்று வெள்ளையடித்து நிற்கும் இந்தக் கூடங்கள் அன்று தரைமுதல் மேல்வரை வண்ணம் பூசியவை. சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் அந்த ஓவியத்தைப் பலகைகளில் வரைந்திருந்தார்கள். சமயச் சீர்திருத்தத்தின்போது அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1892-இல் பழுதுபார்ப்பு வேலைக்காரர்கள் அதைப் பழம்பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை பெய்தது, சுண்ணாம்பு கரைந்தது, முகங்கள் தெரிந்தன. இன்று கோயிலுக்குள் மாட்டியிருக்கிறார்கள். பலகை நடுவில் வண்ணமே இல்லாத சிலுவை வடிவமும் இரண்டு மனித வடிவங்களும் தெரிவதைக் கவனியுங்கள்: சொரூபங்கள் பொருத்தியிருந்த இடம், அதனால் அங்கே வரையவில்லை. மோட்ச வாசலில் பேதுருவின் முன் ராஜாவும் ஆயரும் உடம்பில் துணியில்லாமல், தலையில் கிரீடமும் தொப்பியும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆறாம் படி: சான்சலின் தெற்குச் சுவர்

பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. சுவரில் ஒரு மாடம், அதில் வடிகால் துளையோடு ஒரு கிண்ணம். இதன் பெயர் பிஸ்கினா. இரண்டு கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அநேகமாக 13-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. பக்கக்கூடத்தின் கிழக்கு மூலையில் ஒரு பிஸ்கினா இருந்தால், இன்று அங்கே வெறும் நாற்காலிகள் அடுக்கியிருந்தாலும், ஒரு காலத்தில் பீடம் இருந்தது உறுதி. அது முழங்கால் உயரத்தில் இருந்தால், பிற்காலத்தில் தரையை உயர்த்திவிட்டார்கள். அருகே குருக்கள் அமர மூன்று கல் இருக்கைகள். வளைவின் ஓரத்தில் சாய்வாகக் குடைந்த துளை இருந்தால் குனிந்து பாருங்கள். நேராகப் பெரிய பீடம் தெரியும்.

ஏழாம் படி: தலையை நிமிர்த்துங்கள்

கிழக்கு ஆங்கிலியாவின் கூரைகளுக்குக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம், தவறில்லை. சுவரிலிருந்து குட்டை உத்திரங்கள் நீண்டு நிற்கும், ஹாமர்பீம் என்பார்கள். அவற்றின் முனைகளில் சிறகு விரித்த சம்மனசுகள் (தேவதூதர்கள்). கேம்பிரிட்ஜ்‌ஷயரின் மார்ச் ஊரில் மட்டும் நூற்றுக்கு மேல். சஃபோக்கின் பிளைத்பர்க்கில் சம்மனசுகளின் உடம்பில் ஈயக் குண்டுகள் இருந்தன. 1644-இல் அந்த வட்டாரக் கோயில்களில் படங்களை உடைத்துக்கொண்டு போன வில்லியம் டவுசிங்கின் ஆட்கள் சுட்டது என்று நெடுநாள் கதை. உண்மையில் அவை 18-ஆம் நூற்றாண்டில் உள்ளே கூடு கட்டிய காக்கைகளை விரட்டச் சுட்ட குண்டுகள்.

எட்டாம் படி: தரையும் சுவரின் கீறல்களும்

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? பல இடங்களில் ஆட்டு ரோமத்திலிருந்து. காட்ஸ்வோல்ட்ஸின் நார்த்லீச்சில், நேவுக்குப் பணம் கொடுத்த வணிகர் ஜான் ஃபோர்ட்டியின் பித்தளைத் தகடு இருக்கிறது. ஒரு காலின் கீழே ஆடு, மறு காலின் கீழே ரோம மூட்டை. சஃபோக்கின் லாவன்ஹம் கோபுரம் 141 அடி. ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவும் துணி வணிகர் ஸ்ப்ரிங் குடும்பமும் சேர்ந்து எழுப்பியது. இருவர் சின்னமும் அதில் இருக்கும்.

கடைசியாக டார்ச். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிழலோடு எழுந்து வரும்: காம்பஸ் வட்டங்கள், கப்பல்கள், சிலுவைகள், கல்தச்சரின் அடையாளக் குறிகள். ஹெர்ட்ஃபோர்ட்‌ஷயரின் ஆஷ்வெல்லில் கோபுரத்தின் உட்சுவரில் லத்தீனில் கீறிய வரிகள் உள்ளன. 1350-இல் கொள்ளைநோய்க்குப் பின் மக்களில் கசடுகளே மிஞ்சினார்கள் என்றும், 1361-இல் பெரும் புயல் அடித்தது என்றும் சொல்கின்றன. அருகே, 1666 தீயில் அழிந்த லண்டன் பழைய புனித பவுல் பேராலயத்தின் படம் ஒன்றும் கீறியிருக்கிறது.

ஒன்பதாம் படி: விக்டோரியா காலத்தைப் பிரித்தெடுங்கள்

வழுவழுப்பான வண்ண ஓடுகள் பதித்த தரை, ஒரே அளவில் வரிசையாக நிற்கும் பெஞ்சுகள், பூச்சு உரித்துக் கல் தெரியும் உட்சுவர், முனை மழுங்காத செதுக்கு வேலை: இவை இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் கை பட்டிருக்கிறது. பூச்சை உரித்ததுதான் பெரிய கேடு; அதோடு எத்தனையோ ஓவியம் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் விக்டோரியாக்காரர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அவர்கள் கூரை போட்டிருக்காவிட்டால் பல கோயில்கள் இன்று இருந்திருக்காது.

பத்தாம் படி: ஒரு வரைபடம் போடுங்கள்

வெளியே வந்ததும் ஒரு தாளில் கட்டடத்தின் தரைப்படத்தைக் கையால் வரையுங்கள். எது முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொரு சுவருக்கும் எண் கொடுங்கள். ஆண்டு தெரிந்தால் அதையும். அதற்குப் பிறகுதான் கோயிலில் விற்கும் சிறு கையேட்டையும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலையும் திறக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு கோயிலுக்கும் எந்தப் பகுதி எந்த நூற்றாண்டு என்ற குறிப்பு இருக்கும். உங்கள் எண்களும் அவர்களுடைய ஆண்டுகளும் முரண்படும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தச் சுவரை மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள்.